டீச்சரிடம் கேளுங்கள்: லயத்துத் தமிழும் ஆபீஸ் தமிழும்

(வாசகர்களின் மொழிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பள்ளி ஆசிரியை, பீடோங், கெடா)

இந்த மாதம் வந்த கடிதங்களில் இலக்கணச் சந்தேகம் ஒன்றுகூட இல்லை. ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. எல்லாமே ‘நான் இப்படிப் பேசுகிறேன், அவர்கள் சிரிக்கிறார்கள்’ என்ற ரகம். எனக்கும் ஒற்றைவிட இது பிடித்த சங்கதிதான்.

என் மகனுக்கு நான்கு வயது. “அம்மா, நான் மாக்கான் பண்ணிட்டேன், வாட்டர் வேணும்” என்று மூன்று மொழியையும் கலந்து பேசுகிறான். “பிள்ளை குழம்பிப் போயிருக்கிறான், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்கிறார் பாலர் பள்ளி ஆசிரியை. நிறுத்திவிடலாமா?
— ஒரு தாய், குரூண்

நிறுத்தாதீர்கள் அம்மா.

உங்கள் மகன் சொன்னதையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ‘மாக்கான்’ மலாய்ச் சொல், சாப்பிடுவது. அதை ‘பண்ணிட்டேன்’ என்பதற்கு முன்னால் ஒட்டவைத்து, தமிழ் வினையாகவே ஆக்கிவிட்டான். ‘நான்’ என்று ஆரம்பித்தவன் ‘பண்ணிட்டான்’ என்று முடிக்கவில்லை. ‘வாட்டர்’ ஆங்கிலம், ஆனால் ‘வேணும்’ தமிழுக்கு உரிய இடத்தில், கடைசியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு வயதில் இத்தனை நுணுக்கம் இருக்கிற பிள்ளையைக் குழம்பியவன் என்று நான் சொல்லமாட்டேன். அவன் முனைக்கடைச் சீனத் தாத்தாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று ஒரு நாள் ஒட்டுக்கேளுங்கள். அங்கே ‘பண்ணிட்டேன்’ வராது. யாரிடம் எது செல்லும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

பேச்சு தாமதமாவது வேறு விஷயம். இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ கிளினிக்கில் காட்டுங்கள், முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் ‘எத்தனை சொல் தெரியும்’ என்று கேட்டால் எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆங்கிலச் சொல்லை மட்டும் எண்ணினால் நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் ஊமை என்றுதான் கணக்கு வரும். இரண்டு மூன்று மொழி காதில் விழுவதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளை வீட்டில் ஹொக்கியன் பேசுகிறது, பள்ளியில் மண்டரின், டிவியில் ஆங்கிலம், கடையில் மலாய். அதை யாராவது ‘குழம்பிவிட்டது’ என்கிறார்களா? ‘கெட்டிக்காரப் பிள்ளை, நாலு மொழி’ என்கிறார்கள். நம் ஆட்களிலேயே எத்தனையோ பேர் மண்டரினுக்காகப் பிள்ளையைச் சீனப் பள்ளியில் சேர்க்கிறார்கள், அந்தக் கூடுதல் மொழி யார் மூளையையும் குழப்புவதில்லை. தமிழ் என்று வரும்போது மட்டும் பிள்ளையின் தலையில் இடம் பற்றாமல் போய்விடுகிறது!

இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ‘தமிழ்ப் பள்ளிக்குப் போனா பால்மரம்தான்’, அதாவது ரப்பர் மரம் வெட்டுகிற வேலைதான், என்று என் அப்பா காலத்தில் சொல்வார்கள். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-ல் வந்த தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அந்தச் சட்டத்துக்கு ஒரு கொட்டகையைக் காட்டிவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (ஆபீஸ் எழுத்தர்) கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியார். மேலே படிக்க வழி கிடையாது. பிள்ளை வளர்ந்து வாளி தூக்கியது. கொட்டகையைக் குற்றம் சொல்லியிருக்க வேண்டும், பழி தமிழ் தலையில் விழுந்தது. நாடு சுதந்திரம் அடைந்தபோது எண்ணூறுக்கும் மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டது ஒரு காரணம், சனம் தாமான்களுக்கு (புதுக் குடியிருப்புகளுக்கு) குடிபோனது ஒரு காரணம். அந்தப் பழிக்கும் அதில் பங்கு உண்டு.

அம்மா, உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்ல, கோபிக்க, கொஞ்ச வருமோ அந்த மொழியில் பேசுங்கள். பாலர் பள்ளி ஆசிரியைக்கு ‘தேங்க்யூ டீச்சர்’ சொல்லிவிட்டு வாருங்கள், போதும்.

நிச்சயம் முடிந்து பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். கோலாலம்பூரில் நல்ல வசதியான குடும்பம். “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன், சிரித்தார்கள். “காடியைச் சடக்கு ஓரமா விட்டிருக்கேன்” என்றதும் பெண்ணின் பெரியப்பா, “இது என்ன தம்பி, தோட்டத்துத் தமிழா?” என்றார். நாம் பேசுவது தப்பான தமிழா டீச்சர்?
— ஓர் இளைஞர், கூலிம்

பெரியப்பா எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று விசாரித்தீர்களா தம்பி? தலைநகரில் கோட்டு போட்டவர்களில் பலருக்குத் தாத்தா வீடு ஏதாவது ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்திருக்கும்.

‘பசியாறு’ பழுதில்லாத தமிழ். தமிழ்நாட்டில் காயல்பட்டினத்து முஸ்லிம்களும் காலை உணவை அப்படித்தான் சொல்கிறார்கள். ‘காடி’யும் ‘சடக்கு’ம் இந்துஸ்தானிச் சரக்கு, வடக்கே இன்றைக்கும் ‘காடி’, ‘சடக்’ என்பார்கள். பெரியப்பா மலாய் என்று நினைத்துச் சிரித்திருந்தால் ஏமாந்துவிட்டார்.

ஆனால் மலாய்ச் சொல்லாகவே இருந்தால்தான் என்ன? ரப்பர் மரத்தைக் ‘கித்தா மரம்’ என்கிறோமே, அது மலாய்தான். அந்த மரத்தை நம் பாட்டன்மார் இங்கேதான் பெருவாரியாகப் பார்த்தார்கள், பெயரையும் இங்கேயே எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா வீட்டில் ஃபேன், ஸ்விட்ச், ஃபிரிட்ஜ் எல்லாம் தமிழிலா ஓடுகின்றன? ஆங்கிலத்திடம் வாங்கினால் நாகரிகம், மலாயிடம் வாங்கினால் கலப்படம். யார் கொடுத்தார் என்று பார்த்து மதிப்புப் போடுகிற கணக்கு இது. சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துகீசியர் கொடுத்தவை, அவற்றை யாரும் சிரிப்பதில்லை. 1511-ல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துகீசியர் மலாய்க்காரர்களுக்கும் ஜெண்டேலாவையும் அல்மாரியையும் கொடுத்தார்கள். நம்மிடமிருந்து மலாய் வாங்கியதும் ஏராளம்: காப்பால், கெடாய், காத்தில், பெத்தி. கப்பல், கடை, கட்டில், பெட்டி என்று நீங்களே பொருத்திக்கொள்வீர்கள். வந்து போகிறவர்கள் உள்ள மொழியில் இதெல்லாம் சகஜம். நாலு பக்கத்திலிருந்தும் வருகிற சொல்லுக்குத் தொல்காப்பியமே ‘திசைச்சொல்’ என்று பெயர் வைத்து, செய்யுளில்கூட இடம் கொடுத்திருக்கிறது.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். நான் பிறந்தது பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா பால் வெட்டினார். லயத்தில் சாயங்காலமானால் அவர் வாயைப் பார்க்கக் கூட்டம் கூடும். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) மாதிரி நடந்து, பேசிக் காட்டுவார், மங்கில் (பால் பிடிக்கிற கிண்ணத்தில்) விழுந்த தேளுக்கும் மங்குக்கும் நடந்த சண்டையை அரைமணி நேரம் இழுப்பார். அதே மனிதர் சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்றால் வேறு ஆள். உள்ளே இருக்கிற கிராணிமார் பெரும்பாலும் மலையாளிகள் அல்லது யாழ்ப்பாணத்தார். அவர்கள் தமிழ் வேறு சுருதி. பாலில் மிதவையை விட்டுத் தண்ணீர்க் கணக்குப் பார்த்து எடையைக் குறைத்துப் போட்டிருப்பார்கள். அது தப்பு என்று அப்பாவுக்குத் தெரியும், எந்த மரத்தில் எவ்வளவு பால் இறங்கியது என்று விரல்விட்டுச் சொல்வார். ஆனால் ஜன்னலுக்கு முன்னால் “சரிங்கய்யா”. அவ்வளவுதான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவையும் “சரிங்கய்யா”. அந்தக் கிராணி தமிழில் எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை, தன் தமிழில் பேசினால் எடுபடாது என்றும் தெரியும்.

பெரியப்பா அந்த ஜன்னலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்த குடும்பம் போலிருக்கிறது. இப்போது ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அடுத்த முறையும் ‘பசியாறிட்டீங்களா’ என்றே கேளுங்கள். பெண்ணும் சேர்ந்து சிரித்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ழகரம் உலகத்திலேயே தமிழில் மட்டும்தானே இருக்கிறது?
— தமிழாசிரியர் பயிற்சி மாணவி, சுங்கை பட்டாணி

இல்லை. மலையாளத்தில் தெளிவாக இருக்கிறது. ‘வழி’, ‘மழ’, ‘ஆலப்புழ’ என்று ஒரு மலையாளியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நம் ஆட்களில் பலரைவிடச் சுத்தமாக வரும்.

நீங்கள் வகுப்புக்குப் போன பிறகு ‘வாயப்பயம்’ என்று ஒரு பிள்ளை சொல்லும், ‘வாளப்பளம்’ என்று இன்னொன்று சொல்லும். அந்தப் பிள்ளைகளின் பாட்டன்மார் தமிழ்நாட்டில் எந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறினார்கள் என்பதற்கு அது தடயம். எழுத்தில் திருத்துங்கள், மேடையில் பேசும்போது திருத்துங்கள். வகுப்பே சிரிக்கும்படி எழுப்பி நிற்கவைத்துத் திருத்தாதீர்கள். அப்படி எழுப்பி நிற்கவைக்கப்பட்ட பிள்ளை அப்புறம் தமிழில் வாயே திறக்காது, இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாற்பது வருடமாக மலாய் பேசுகிறேன். அதற்கு இலக்கணம் என்று ஒன்றும் கிடையாது. காலம் இல்லை, பால் இல்லை, சொல்லை அடுக்கினால் மலாய். தமிழோடு ஒப்பிட முடியுமா?
— ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், தீக்காம் பத்து

அண்ணே, நீங்கள் நாற்பது வருடமாகப் பேசியது பாசார் மலாய். ‘லு’, ‘குவா’ என்று ஆரம்பித்திருப்பீர்கள், அந்த இரண்டும் ஹொக்கியன். சந்தை மொழியை வைத்து மலாயை எடைபோட்டால் எப்படி?

மலாயில் ‘துலிஸ்’ எழுதுவது, ‘மெனுலிஸ்’ ஆகும்போது ‘து’ கரைந்துபோகிறது. ‘பாச்சா’ படிப்பது, ‘மெம்பாச்சா’வில் ‘பா’ கரையாமல் நிற்கிறது. ‘சாப்பு’ பெருக்குவது, ‘மெஞாப்பு’ ஆகிவிடுகிறது. எது கரையும், எது நிற்கும், எது உருமாறும் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது, நம் புணர்ச்சி மாதிரியே. ஆளை எண்ண ஒரு சொல், மாட்டை எண்ண ஒரு சொல், நீளப் பொருளை எண்ண ஒரு சொல் என்று வேறு இருக்கிறது.

அதைவிட அழகு, ‘கீத்தா’வும் ‘காமி’யும். கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் கீத்தா, அவரை விட்டுவிட்டுச் சொன்னால் காமி. நமக்கு ‘நாம்’, ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இதற்கு வழியே இல்லை, இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் ஆங்கிலத்தை இலக்கணம் இல்லாத மொழி என்று நாம் சொல்கிறோமா? மாட்டோம். துரை பேசிய மொழி ஆயிற்றே!

எங்கள் தாமானில் ஒரு மலாய்க்காரர், தகப்பன் வழியில் நெல் விவசாயி. வீட்டு வாசலில் நின்றால் சுத்தக் கெடா மலாய்: ‘ஹாங்’ (நீ), ‘அவாட்’ (ஏன்), ‘மாய் சீனி’ (இங்கே வா). ஒரு நாள் நில அலுவலகத்தில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். முகப்பில் போனதும் ‘ஹாங்’ காணாமல் போய்விட்டது, செய்தி வாசிக்கிறவர் மாதிரி சன்னமான குரலில் பேசுகிறார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது மறுபடி ‘அவாட்’. கோலாலம்பூரில் கெடா மலாயைக் கேட்டால் சிரிப்பார்களாம், அவர் சொன்னது. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

பூஜாங் பள்ளத்தாக்கு எங்கள் வீட்டிலிருந்து பக்கம். கடாரம் நம்முடையது, தமிழ்தான் உலகின் முதல் மொழி, மற்ற மொழி எல்லாம் அதிலிருந்துதான் பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பேச்சுப் போட்டியில் சொல்லலாமா?
— படிவம் மூன்று மாணவன், செமெலிங்

கடாரத்தைச் சொல், அது நம் கெடாதான். 1025 வாக்கில் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரம்வரை வந்ததை அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் அங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிற சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலைப், பார்த்துவிட்டுப் பேசு. ஆனால் எல்லாரும் இராஜேந்திரனையே சொல்வார்கள். நீ பொற்கொல்லனைச் சொல். தாய்லாந்தின் தெற்கே கிராபிப் பக்கம் குவான் லுக் பாட் என்ற இடத்தில் பொன்னை உரைத்துப் பார்க்கிற சின்னக் கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று இருக்கிறது. கி.பி. மூன்று நான்காம் நூற்றாண்டு. சோழன் வருவதற்கு அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வேலைக்காரர் தன் கல்லில் பேர் போட்டு வைத்திருக்கிறார், வேறு யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க!

‘உலகின் முதல் மொழி’ மட்டும் வேண்டாம். எழுத்துச் சான்று கேட்டால் சுமேரியமும் எகிப்தியமும் ஐயாயிரம் வருடம் போகும், தமிழுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். பேச்சு என்று பார்த்தால் எந்த மொழியும் ஒரு நாள் காலையில் பிறந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக இழை அறாமல் வந்ததுதான் எல்லாமே. இரண்டாயிரம் வருடத்துப் பாட்டை உரையின் துணையோடு இன்றும் படிக்க முடிகிறது என்று சொல். அது உண்மை, அதுவே பெரிய விஷயம்.

தம்பி, இன்னொன்று. நம் கெடாவிலேயே பாலிங் பக்கம் கென்சியு மக்கள் இருக்கிறார்கள், ஒராங் அஸ்லி என்கிற பூர்வகுடிகள். அவர்கள் மொழி கம்போடியாவின் கெமருக்கும் பர்மாவின் மோனுக்கும் தூரத்துச் சொந்தம். பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். அவர்களைப் பார்த்து ‘காட்டுப் பாஷை, நூறு வார்த்தைகூட இருக்காது’ என்று நம் ஆட்கள் பேசுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். தோட்டத்துத் தமிழைச் சிரித்தால் பொங்குகிறவர்கள்தான் அதைச் சொன்னவர்கள். கென்சியுவுக்கு உறவான ஜஹாய் மொழி பேராக்கின் வடக்கே காட்டோரத்தில் பேசப்படுகிறது. அதில் வாசனைக்கென்றே பத்துப் பன்னிரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. நாம் மல்லிகை வாசம், மண் வாசம், கவிச்சி என்று பெரும்பாலும் பொருளைச் சொல்லித்தான் வாசனையைச் சொல்கிறோம். சிவப்பு, பச்சை மாதிரி வாசனைக்குத் தனித்தனிப் பெயர் அவர்களிடம் இருக்கிறது. மொழி ஆய்வாளர்கள் வேறு நாட்டிலிருந்து வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

பேச்சுப் போட்டிக்கு ஏழு நிமிடம் என்றால் இதில் பாதியே தாராளம்.

மலாய்க்கார நண்பர்கள் என்னிடம் “நீ பாஹாசா இந்தியா (இந்திய மொழி) பேசுவாயா?” என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
— வங்கி ஊழியர், பாடாங் செராய்

சிரித்துக்கொண்டே “எந்த இந்தியா?” என்று கேளுங்கள். பிறகு உங்கள் தெருவிலேயே ஒரு தெலுங்கு வீட்டையும் ஒரு மலையாளி வீட்டையும் ஒரு பஞ்சாபி வீட்டையும் காட்டுங்கள், கெடாவில் கஷ்டமே இல்லை. நீங்களும் மறுமுறை சீன நண்பரிடம் “சைனீஸ்ல இதுக்கு என்ன?” என்று கேட்பதற்கு முன்னால் அவர் வீட்டில் தியோச்சியுவா ஹொக்கியனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பேரனுக்குக் காது கேட்காது. சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதானே, அதனால் எங்கே கற்றுக்கொண்டாலும் சரிதானே? சைகையைப் பழக்கினால் பேசவே மாட்டான் என்று மகன் பயப்படுகிறான்.
— ஒரு தாத்தா, சுங்கை லாலாங்

ஒன்று இல்லை ஐயா. அமெரிக்கரும் பிரிட்டிஷ்காரரும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் அவர்கள் நாட்டுச் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாது. அமெரிக்கச் சைகைக்குப் பிரெஞ்சுச் சைகைதான் சொந்தம். நம் நாட்டில் பாஹாசா இஷாராட் மலேசியா (மலேசியச் சைகை மொழி) இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழி என்று ஏற்றுக்கொண்டது. பள்ளிகளில் கோட் தாங்ஙான் என்று இன்னொன்றும் உண்டு. அது மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவது. முன்னது தனக்கென்று இலக்கணம் உள்ள மொழி, பின்னது மலாயின் நிழல். பேரன் பள்ளியில் எதைச் சொல்லித்தருகிறார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மகனின் பயம் வீண். சைகை தெரிவதால் பேச்சு வராமல் போவதில்லை. சின்ன வயதில் எந்த மொழியும் முழுசாகக் கிடைக்காமல் வளர்வதுதான் பிள்ளைக்குப் பெரிய இழப்பு, அதைப் பின்னால் ஈடுகட்டுவது ரொம்பக் கஷ்டம். கண்ணால் கிடைக்கிற மொழி அவனுக்கு இப்போதே கிடைக்கட்டும்.

தாத்தா நீங்களும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். விரல் மடங்காது, வயதாகிவிட்டது என்று சொல்வீர்கள். கித்தா வெட்டிய கைதானே? மடங்கும்.